பக்கத்தில் ‘தமிழ்’, பட்டியலில் அரைப்புள்ளி

பழைய தமிழ் நூலொன்றின் பிடிஎஃப் கோப்பைக் கணினியில் திறக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தெல்லாம் முத்து முத்தாகத் தெரிகிறது. முப்பது அத்தியாயம் கொண்ட நூல். எனவே வேண்டிய அத்தியாயத்துக்குத் தாவ உதவும் புக்மார்க் பட்டியலை இடப்பக்கத்தில் திறக்கிறோம். அங்கே தமிழைக் காணோம். பக்கத்தின் உச்சியில் ‘தமிழ்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும் தலைப்பு, பட்டியலில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சின்ன ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் கிடக்கிறது. அதைத் தட்டினால் சரியான பக்கத்துக்கே போகிறது. வழி சரி, பெயர்ப்பலகைதான் தப்பு. இன்னொரு நூலில் பொருளடக்கப் பக்கம் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் எந்த வரியைத் தட்டினாலும் அசைவே இல்லை. மூன்றாவதில் பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் தட்டினால் பதினொன்றின் கடைசிப் பக்கத்தில் போய் நிற்கிறது. கோப்பில் ஏதோ கோளாறு என்றோ கைபேசி பழசு என்றோ நினைத்து வாசகர் மூடிவிடுவார். கோப்பு, தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே செய்திருக்கிறது. மூன்று கோளாறுக்கும் வேர் ஒன்றே என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்: கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் அந்தப் பொருள் உண்மையில் என்ன என்பதையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம்.

அச்சுக்கோப்பு அலுவலகங்களில் தட்டினால் தாவும் பொருளடக்கம் என்பது கடைசி நாள் வேலை. பக்கங்கள் எல்லாம் முடிந்து, மெய்ப்பு பார்த்து, அச்சுக்கும் அனுப்பியாயிற்று. ‘மின்நூலுக்கு லிங்க் போட்டுக் கொடுத்துவிடுங்கள்’ என்று ஒரு சொல் வருகிறது. சமைத்து முடித்த குழம்பின்மேல் கொத்துமல்லி தூவுவதைப்போன்ற வேலை என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. இந்த வேலையோ உப்பைப்போல. குழம்பு கொதிக்கும்போதே போட வேண்டியது. ஏன் என்று பார்க்க, தலைப்பு என்பது கணினிக்கு என்ன என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

மனிதக் கண் தலைப்பை அடையாளம் காண ஒரு நொடிகூட எடுத்துக்கொள்வதில்லை. எழுத்து பெரிது, தடிமன் அதிகம், சுற்றிலும் வெற்றிடம், ஆகவே தலைப்பு. கணினிக்கு இந்த ‘ஆகவே’ கிடையாது. அதற்குத் தெரிவதெல்லாம் இத்தனை புள்ளி அளவில் இன்ன எழுத்துரு, இன்ன இடத்தில் என்பது மட்டுமே. காக்கிச் சட்டை போட்டிருப்பவரெல்லாம் போலீஸ்காரர் என்று முடிவு கட்டினால் ஆட்டோ ஓட்டுநருக்கும் தபால்காரருக்கும் சல்யூட் அடிக்க வேண்டிவரும். உடையைப் பார்த்து ஆளை முடிவு செய்ய முடியாது. காவல்துறையின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளில் அந்தப் பதிவேட்டுக்கு ஸ்டைல் என்று பெயர். அத்தியாயத் தலைப்பு என்று ஒரு பத்தி ஸ்டைலை ஏற்படுத்தி, முப்பது தலைப்புகளையும் அதில் பதிந்துவிட்டால், ‘தலைப்புகள் எவை?’ என்ற கேள்விக்கு மென்பொருள் ஊகம் செய்யாமல் விடை சொல்லும். பதியாமல் ஒவ்வொன்றையும் கையால் பெரிதாக்கித் தடிமனாக்கினால், அச்சில் இரண்டுக்கும் எள்ளளவும் வேறுபாடு தெரியாது. இந்தப் பழக்கம் இத்தனை காலம் நீடித்ததற்குக் காரணமே அதுதான். தாளில் அச்சாகும்போது இந்தத் தவறுக்குத் தண்டனை இல்லை.

ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் 1985இல் வந்தது. அடோபியின் இன்டிசைன் 1999இல் வந்தது. மேசைக்கணினியில் பக்கம் கட்டுவோர் பெரும்பாலும் இந்த இரண்டின் வழியே வந்தவர்கள். இன்டிசைனில் பொருளடக்கம் செய்யும் முறை சுருக்கமானது: எந்த ஸ்டைலில் உள்ள பத்திகளைத் திரட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டும், பிடிஎஃப் புக்மார்க்கும் வேண்டும் என்று ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும், மென்பொருள் நூல் முழுவதையும் துழாவி, பத்திகளைப் பொறுக்கி, பக்க எண்ணோடு பட்டியலாகக் கொட்டும். பிடிஎஃப்பாக வெளியே எடுக்கும்போது புக்மார்க்குகளையும் ஹைப்பர்லிங்குகளையும் சேர் என்று இன்னொரு முறை சொல்ல வேண்டும். இந்தக் கடைசிக் குறியை மறந்தால்தான், மேலே சொன்ன இரண்டாவது நூலைப்போல, தட்டினால் அசையாத பொருளடக்கம் கிடைக்கும். அச்சுக்கென்று எடுத்த கோப்பையே மின்நூலாகவும் வெளியிட்டால் இது நடப்பதில் வியப்பில்லை. இன்னொரு சின்னப் பொறியும் உண்டு. நீளமான தலைப்பை இரண்டு வரியாக மடக்க என்டர் தட்டினால், கண்ணுக்கு ஒரு தலைப்பு, மென்பொருளுக்கு இரண்டு பத்தி. பட்டியலில் ‘ஆற்றங்கரை’ தனியாகவும் ‘நாகரிகம்’ தனியாகவும், இரண்டு அத்தியாயங்கள்போல வந்து நிற்கும். ஷிஃப்ட்டையும் என்டரையும் சேர்த்துத் தட்டினால் வரி மடங்கும், பத்தி உடையாது. பார்வைக்கு ஒன்றாக இருப்பவை உண்மையில் இரண்டாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சின்ன எடுத்துக்காட்டு இருக்க முடியாது.

தலைப்பு எது என்று தெரிந்துவிட்டது. அது எங்கே இருக்கிறது என்று சொல்வது அடுத்த சிக்கல். முகவரியில் இரண்டு வகை உண்டு. வீட்டுத் தரைவழித் தொலைபேசி வீட்டோடு கட்டப்பட்டது. குடித்தனக்காரர் மாறினால் அந்த எண்ணில் வேறு யாரோ பேசுவார். கைபேசி எண் ஆளோடு போகும். அவர் ஊர் மாறினாலும் அதே எண்ணில் கிடைப்பார். முதலாவதை இட முகவரி என்றும் இரண்டாவதை ஆள் முகவரி என்றும் வைத்துக்கொள்வோம். ‘112ஆம் பக்கம்’ என்பது இட முகவரி. வடிவமைப்பாளர் பொருளடக்கத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத செவ்வகம் ஒன்றை வரைந்து, அதை 112ஆம் பக்கத்தோடு கட்டிவிடலாம், மென்பொருள் மறுக்காது. பிறகு ஆசிரியர் பதினொன்றாம் அத்தியாயத்தில் மூன்று பத்திகளைச் சேர்க்கச் சொல்கிறார். எழுத்து வழிந்தோடி, பன்னிரண்டாம் அத்தியாயத் தலைப்பு அடுத்த பக்கத்துக்குக் குடிபோகிறது. செவ்வகம் பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதுதான் நம் மூன்றாவது நூலின் கதை. இதற்குப் பதில், தலைப்பு வரிக்குள்ளேயே ஓர் அடையாளத்தை ஊன்றி, இணைப்பை அந்த அடையாளத்தோடு கட்டலாம். மென்பொருள்காரர்கள் அதை நங்கூரம் என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். பெயர் பொருத்தமாக எனக்குப் படவில்லை. நங்கூரம் கப்பலை நகரவிடாது. இதுவோ எழுத்து எங்கே நகர்ந்தாலும் கூடவே போகிறது. ‘கழுத்துமணி’ என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். மாடு எந்த வயலுக்குள் போனாலும் மணி ஓசை அங்கிருந்துதான் வரும். ஸ்டைலை வைத்துப் பொருளடக்கம் செய்யும்போது இந்த மணிகளை மென்பொருளே கட்டிவிடுகிறது.

ஆள் முகவரி கணினியோடு வந்த புதுமையும் இல்லை. திருக்குறளில் 391 என்று சொன்னால் கல்வி அதிகாரத்தின் முதல் குறள். எந்தப் பதிப்பகம், எந்த அளவுத் தாள், உரை உண்டா இல்லையா என்று எதுவும் கேட்க வேண்டியதில்லை. 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்து என்ற கட்டுமானமே அங்கே முகவரியாகிவிடுகிறது. ஏட்டுச்சுவடியை இருவர் படியெடுத்தால் இருவரின் ஓலைகளும் ஒரே இடத்தில் முடியா. ஆகவே ஓலை எண்ணை வைத்து அடுத்த ஊர்க்காரரிடம் பேச முடியாது. எல்லாப் படியும் ஒன்றேபோல் இருக்கும் அச்சு வந்த பிறகுதான் பக்க எண் பொது முகவரியாக முடிந்தது. ஐரோப்பாவில் 1470இல் கொலோன் நகரில் அச்சான ஒரு சிறு நூலில்தான் அச்சிட்ட தாள் எண் முதன்முதலில் காணப்படுகிறது. பக்க எண் பொது முகவரியாக வழங்கிய காலம் ஐந்தரை நூற்றாண்டுக்கு மேல் போகாது. நமக்கு அது இயற்கையாகத் தோன்றுவது பழக்கத்தால்.

இனி பிடிஎஃப் கோப்பின் வயிற்றுக்குள் போகலாம். இந்த வடிவத்தை அடோபி 1993இல் வெளியிட்டது; 2008இல் அது பன்னாட்டுத் தரநிலையானது. அதன் விதிகள் அச்சில் இருப்பதால் நாம் ஊகிக்க வேண்டியது ஒன்றுமில்லை. முதல் வியப்பு, இந்தக் கோப்பைக் கணினி கடைசியிலிருந்து படிக்கத் தொடங்குகிறது என்பது. கோப்பின் கடைசி வரிகளில் ஓர் எண் இருக்கிறது. கோப்புக்குள் ஓர் அட்டவணை எங்கே தொடங்குகிறது என்று அது சொல்கிறது. அந்த அட்டவணையில் ஒவ்வொரு பொருளும் கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். பைட் என்பது கணினி நினைவின் ஓர் அறை என்று கொள்ளலாம். 400ஆம் பக்கத்தைக் கேட்டால் முந்தைய 399 பக்கங்களைப் புரட்டாமல் கணினி தாவுவது இதனால்தான். வாசகருக்கான பொருளடக்கம் இல்லாத பிடிஎஃப் ஏராளம். தனக்கான பொருளடக்கம் இல்லாத பிடிஎஃப் கிடையாது. கணினி தனக்கு வேண்டியதைச் செய்துகொண்டு நமக்கு வேண்டியதை நம்மிடமே விட்டிருக்கிறது.

பொருளடக்கப் பக்கத்தில் தட்டக்கூடிய வரி என்பது இந்தக் கோப்புக்குள் நான்கு எண்களால் ஆன ஒரு செவ்வகம்தான். அங்குலத்தின் 72இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு, பக்கத்தின் எந்த மூலையிலிருந்து எந்த மூலை வரை என்று அந்த எண்கள் சொல்லும். அதோடு சேர்ந்து, போக வேண்டிய பக்கமும் அதில் நிற்க வேண்டிய புள்ளியும் எழுதப்பட்டிருக்கும். கவனித்தால் இது இட முகவரி. அப்படியானால் ஆள் முகவரியைப் பற்றி இத்தனை நேரம் பேசியது வீணா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, விடையில்தான் விஷயமே இருக்கிறது. பிடிஎஃப் என்பது இனி எதுவும் நகராது என்ற உறுதியோடு உறைந்த பக்கம். நகராத இடத்தில் இட முகவரி போதும், விரைவானதும்கூட. வடிவமைப்பு நடக்கும் காலம் முழுவதும் மென்பொருள் ஆள் முகவரியை வைத்துக்கொண்டு, வெளியே எடுக்கும் கடைசி நொடியில், எல்லாம் உறைந்த பிறகு, அதை இட முகவரியாக மாற்றி எழுதுகிறது. கையால் செவ்வகம் வரைபவர் அதே வேலையைத்தான் செய்கிறார். எழுத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடுகிறார். பூசிய சிமென்ட் இறுகுமுன் ஆணியடிப்பதுதான் அது.

பக்கப்பட்டையில் வரும் புக்மார்க் பட்டியல் வேறு ஒரு பொருள். அது பக்கத்தின் மேல் இல்லை. பக்கங்களுக்கு வெளியே, கோப்பின் தனி இடத்தில், சங்கிலியாக இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பெயர், ஒரு சேருமிடம், தாய்க் கண்ணி எது, முன்னது எது, அடுத்தது எது என்ற குறிப்புகள். தரநிலையின்படி கண்ணிக்கு நிறம் சொல்லலாம். தடித்த எழுத்தா சாய்ந்த எழுத்தா என்றும் சொல்லலாம். எழுத்துரு எது என்று சொல்ல மட்டும் இடமே வைக்கவில்லை. பக்கத்தில் உள்ள எழுத்துகளுக்கு அவற்றின் எழுத்துரு கோப்புக்குள்ளேயே கட்டுச்சோறாக வருகிறது. புக்மார்க்குக்கு அது கிடையாது. நம் கணினியில் இருக்கும் எழுத்துருவை வைத்துத்தான் அதைக் காட்டியாக வேண்டும். முதல் புதிரின் சாவி இந்தச் சின்ன இல்லாமையில் இருக்கிறது.

கணினி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. இலங்கையிலும் புலம்பெயர் தமிழரிடையிலும் பரவலாகப் புழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் சேர்பவை 106, 107, 112, 111, 59 என்ற எண்கள். உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட கணக்குப்படி இவை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பாமினி செய்வது ஒரு மாறுவேடம்: ஜே வரவேண்டிய இடத்தில் ‘த’ வடிவத்தை வரைகிறது, கே இடத்தில் ‘ம’, அரைப்புள்ளி இடத்தில் புள்ளி. எழுத்துரு கூடவே இருக்கும் வரை வேடம் கலையாது. புக்மார்க் கண்ணிக்குள் எழுத்துரு நுழைய வழியில்லாததால் அங்கே எண்கள் மட்டும் போய்ச் சேர்கின்றன; வேடம் கலைந்து, ஆங்கில எழுத்துகளாக நிற்கின்றன. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடில் அதே சொல் 2980, 2990, 3007, 2996, 3021. இவை வேறு எந்த மொழியின் எழுத்தும் ஆகா. தமிழுக்கு யூனிகோடில் 1991இலேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது. புக்மார்க்கின் பெயரை யூனிகோடில் எழுதவும் தரநிலையில் வழி உண்டு: பெயருக்கு முன்னால் 254, 255 என்ற இரு பைட்டுகள் நின்றால், பின்னால் வருவது யூனிகோட் என்று படிக்கும் நிரல் தெரிந்துகொள்ளும். கணினியில் ஏதாவது ஒரு தமிழ் எழுத்துரு இருந்தால் போதும், ‘தமிழ்’ தமிழாகவே தெரியும்.

இந்த விளக்கத்தை யாரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பழைய எழுத்துருவில் கட்டிய பிடிஎஃப்பிலிருந்து ஒரு தலைப்பைப் படியெடுத்து நோட்பேடில் ஒட்டினால், பெரும்பாலும் பட்டியலில் கண்ட அதே குழப்பம் வந்து விழும். இரண்டு வெவ்வேறு வழிகளில் போய் ஒரே விடை கிடைத்தால், கோளாறு பட்டியலில் இல்லை, எழுத்து சேர்த்து வைக்கப்பட்ட விதத்திலேயே இருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் இந்தச் சோதனையை யூனிகோடில் கட்டிய நூலில் செய்து, அங்கும் சில எழுத்துகள் இடம் மாறி ஒட்டப்படுவதைக் கண்டு, ‘யூனிகோடும் இப்படித்தான்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பக்கத்தின் மேல் பிடிஎஃப் சேர்த்து வைப்பது எழுத்தின் வடிவங்களை, கண் பார்க்கும் வரிசையில். ‘கொ’ என்பதில் கண்ணுக்கு முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். யூனிகோடிலோ முதலில் 2965 என்ற ‘க’, பிறகு 3018 என்ற ஒகரக் குறி. இரண்டே எண்கள், ஒலிக்கும் வரிசையில். வடிவங்களிலிருந்து எண்களுக்குத் திரும்பும் வழியில் சில நிரல்கள் தடுமாறுகின்றன. புக்மார்க்கில் சேர்வது வடிவமே அன்று, எண்கள்தான். எனவே உடல் எழுத்து படியெடுக்கையில் குழம்பும் நூலிலும் புக்மார்க் தெளிவாக இருக்கும். பாமினியில் ‘கொ’ கண் வரிசையிலேயே மூன்று எண்களாகக் கிடக்கிறது. அதைவிட விசித்திரம், ‘ர்’ என்பதைப் பலர் துணைக்காலை அடித்து மேலே புள்ளி வைத்துத் தட்டியிருப்பார்கள். வடிவம் ஒன்றுதானே, யாருக்குத் தெரியப்போகிறது? மாற்றும் நிரலுக்குத் தெரிகிறது. காலுக்கு மேல் புள்ளி வந்தால் அது கால் இல்லை, ரகரம் என்று அதற்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தடித்த எழுத்தைத் தலைப்பு என்று நினைத்ததும், காலை ரகரம் என்று நினைத்ததும் ஒரே வகைத் தவறு.

இபப் என்ற மின்நூல் வடிவத்துக்கு வந்தால் இந்தத் தவறுகளை மறைக்க இடமே இல்லாமல் போகிறது. இது 2007இல் தரநிலையாக வந்தது. ஓர் இபப் கோப்பின் வால்பெயரை ஸிப் என்று மாற்றித் திறந்து பார்த்தால் உள்ளே இணையப் பக்கங்கள் போன்ற கோப்புகள் கிடைக்கும். வழக்கமாக அத்தியாயத்துக்கு ஒன்று. அதே ஸ்டைலைப் பார்த்துத்தான் இன்டிசைன் நூலை அத்தியாயம் அத்தியாயமாக வெட்டித் தருகிறது. பக்கம் என்ற ஒன்றே அங்கு இல்லை. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் இருநூறு திரை நானூறு திரை ஆகும். ‘112ஆம் பக்கம்’ என்ற சொல்லுக்கு அங்கே பொருள் கிடையாது. செவ்வகம் வரைய இடமும் கிடையாது. இன்ன கோப்பில், இன்ன அடையாளம் கட்டிய வரி என்று ஆள் முகவரியால் மட்டுமே பேச முடியும். 2011இல் வந்த மூன்றாம் பதிப்பு ஒரு படி மேலே போய், தட்டினால் தாவும் பொருளடக்கக் கோப்பு ஒவ்வொரு நூலிலும் இருந்தே ஆக வேண்டும் என்று விதித்தது.

அந்த விதியின் பூர்வீகம் வாசகர் பலருக்கும் தெரியாது. இரண்டாம் பதிப்பில் பொருளடக்கத்தின் வேலையைச் செய்த வழிநடத்தும் கோப்பு, பார்வையற்றோருக்கான பேசும் நூல்களின் தரநிலையிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒலிநாடாவில் ஒரு பாடநூலைக் கேட்பவருக்கு ஏழாம் பாடம் வேண்டுமென்றால் நாடாவை ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். புரட்டுவது என்ற வசதியே இல்லை. ஸ்வீடனின் பேசும் நூலகத்தில் தொடங்கிய முயற்சி, 1996இல் டெய்சி என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பாக வளர்ந்தது. ஒலியைத் தலைப்பு, உட்தலைப்பு என்ற மரத்தோடு கட்டி, மரத்தில் ஏறி இறங்கி நூலுக்குள் நடமாட அவர்கள் வழி செய்தார்கள். கண்ணால் புரட்டிப் பார்க்க முடியாதவர்கள்தான், நூலின் கட்டுமானம் அதன் தோற்றத்திலிருந்து வேறான ஒரு பொருள் என்பதை முதலில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பு நிரலில் எச் என்ற விசையைத் தட்டினால் குரல் அடுத்த தலைப்புக்குத் தாவும், தலைப்பு தலைப்பாகப் பதியப்பட்டிருந்தால். பாமினியில் கட்டிய நூலை அந்தக் குரலிடம் கொடுத்தால் ‘தமிழ்’ என்று அது சொல்லாது; தன் கையில் கிடைத்த ஆங்கில எழுத்துகளையே சொல்ல முயலும்.

இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டுமா, தேடல் பெட்டி இருக்கிறதே என்பது வழக்கமாக வரும் மறுப்பு. தேடல், தேடுவது என்னவென்று முன்பே தெரிந்தவருக்குத்தான் உதவும். கடைக்குள் நுழைந்து ‘துவரம் பருப்பு அரைக் கிலோ’ என்று கேட்பதற்கும், அலமாரிகளைப் பார்த்து என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாடு அது. தவிர, யூனிகோட் இல்லாத நூலில் ‘தமிழ்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது; பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல் இருந்தாலும் சரி. தேடலும் பொருளடக்கமும் அதே அடித்தளத்தில்தான் நிற்கின்றன.

இன்னொரு மறுப்பு வலுவானது, புதியதும்கூட. தலைப்பு எது என்பதை இப்போது நிரல்களே பார்த்துக் கண்டுபிடிக்கின்றனவே, பதிவேடு எதற்கு? உண்மைதான், எழுத்தின் அளவையும் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் பார்த்து ஊகிக்கும் நிரல்கள் உண்டு, அவை பெருமளவு சரியாகவும் ஊகிக்கின்றன. ஆனால் நடுப்பக்கத்தில் பெரிதாகப் போட்ட மேற்கோள், கவிதையின் முதல் வரி, பகுதிப் பிரிப்புப் பக்கத்தில் தனியே நிற்கும் ஆசிரியர் பெயர் ஆகியவையும் காக்கிச் சட்டைதான் போட்டிருக்கின்றன. சில நாவல்களில் அத்தியாயம் என்பது வெறும் ‘7’ என்ற எண். உடல் எழுத்தில் நூறு சொல்லில் இரண்டு பிழை இருந்தால் வாசகர் பொறுத்துக்கொண்டு படித்துவிடுவார். பொருளடக்கத்தில் முப்பது அத்தியாயத்தில் ஒன்று விடுபட்டால், அப்படி ஓர் அத்தியாயம் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகும். எது தலைப்பு என்று அறிந்த ஆள் ஒருவர் பக்கத்தைக் கட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போது, அவரிடம் கேட்காமல் பின்னால் ஒரு நிரலை விட்டுத் துப்பறிவது எந்தக் கணக்கில் சிக்கனம் என்று எனக்குப் புரியவில்லை. ஸ்டைல் போடுவதற்குக் கூடுதல் உழைப்பும் கிடையாது. முப்பது தலைப்பின் அளவையும் ஒரே இடத்தில் மாற்றலாம் என்ற ஆதாயத்துக்காகவே, மின்நூல் எண்ணமே இல்லாத அச்சு நூலிலும் அது செய்யத்தக்கது.

கட்டி முடித்த பழைய நூல்களின் நிலை வேறு. அங்கே உழைப்பு உண்மையிலேயே பெரிது. எழுத்தை யூனிகோடுக்கு மாற்றி, மாறியதை ஒருவர் மெய்ப்புப் பார்த்து, தலைப்புகளைப் பதிய வேண்டும். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம்கூடத் தன் பழைய மின்பதிப்புகளைப் பிற்பாடு யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இப்படி மாற்றும்போது பதிப்பாசிரியர்கள் தயங்கும் இடம் ஒன்று உண்டு: பக்க எண் போய்விட்டால், இத்தனை ஆண்டாக ஆய்வாளர்கள் அடிக்குறிப்பில் எழுதிய ‘பக்கம் 112’ எல்லாம் என்ன ஆகும்? இபப்பின் வழிநடத்தும் கோப்பில் அதற்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அச்சுப் பதிப்பின் ஒவ்வொரு பக்கமும் எந்தச் சொல்லில் தொடங்கியது என்று பார்த்து, அந்தச் சொல்லின் கழுத்தில் 112, 113 என்று ஒரு மணியைக் கட்டிவிடலாம். அவற்றை அத்தியாயப் பட்டியலுக்குப் பக்கத்தில் தனிப் பட்டியலாகத் தரலாம். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் 112 அந்தச் சொல்லோடு நகரும். தாளில் இடத்தின் பெயராக இருந்த எண், திரையில் ஆளின் பெயராகிவிடுகிறது, குறள் எண்ணைப்போலவே.